மூன்று மாதத்தின் கடைசி நாள்: ஃபுஜைராவிலிருந்து துபாய்க்கு ஒரு கொகுசெகிப் பயணம்

இந்தப் பதிவு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கானது இல்லை. ஃபுஜைராவிலிருந்து துபாய்க்கு ஏறக்குறைய 125 கிலோமீற்றர். வழியில் மலைகள் அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கணவன் மனைவியில் ஒருவர் ஜப்பானியராக இருந்து, வளைகுடாவில் உங்களுக்குப் பிள்ளை பிறந்திருந்தால் நீங்களும் ஒரு நாள் இந்தப் பயணத்தைப் போகவேண்டி வரும். என்னைப்போலப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபத்தொரு வயதில் கனடா போய், அங்கே குடியுரிமை எடுத்தவன். இப்போது ஃபுஜைராவில் ஓர் எண்ணெய்க் களஞ்சியத்தின் ஆய்வுகூடத்தில் வேலை. மனைவி ஹனா ஜப்பானியர். கப்பல் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்புச் செய்கிறாள். எங்கள் மகள் மாயா போன ஒக்டோபர் ஒன்பதாம் திகதி இங்கேதான் பிறந்தாள்.

இங்கே பிறந்ததால் இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காது, அது எல்லோருக்கும் தெரியும். என் வழியாக அவள் கனேடியர், ஹனா வழியாக ஜப்பானியர். பிறக்கும்போதே இரண்டு நாடு. ஜப்பானியத்தில் நாட்டுரிமைக்குக் 'கொகுசெகி' என்று பெயர். இரண்டு நாட்டுரிமை இருந்தால் 'நிஜூ கொகுசெகி'. எங்கள் ஆட்கள் இரட்டைக் குடியுரிமை என்று சொல்வதுதான். ஆனால் வெளிநாட்டில் பிறந்து, பிறப்பிலேயே இன்னொரு நாட்டுரிமையும் வந்த பிள்ளைக்கு ஜப்பானியச் சட்டம் மூன்று மாதம்தான் தருகிறது. அதற்குள் பிறப்பைப் பதிந்து, 'ஜப்பானிய நாட்டுரிமையையும் வைத்துக்கொள்கிறோம்' என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குக் 'கொகுசெகி ர்யூஹோ' என்று பெயர். ரயிலில் இருக்கையைப் பிடித்து வைப்பதுபோல நாட்டைப் பிடித்து வைப்பது. பிறப்புப் பதிவுப் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி அச்சடித்திருக்கும், பக்கத்தில் கையெழுத்துப் போட ஓர் இடம். மூன்று மாதத்துக்குள் அந்தக் கையெழுத்து போய்ச் சேராவிட்டால் 'கொகுசெகி சோஷிட்ஸு', அதாவது நாட்டுரிமை இழப்பு. அதுவும் இழந்த நாளிலிருந்து இல்லை, பிறந்த நாளிலிருந்தே அவள் ஜப்பானியராக இருந்ததில்லை என்று ஆகிவிடும்.

இவ்வளவும் எனக்கு ஒக்டோபரிலேயே தெரியும். பிறகேன் ஜனவரி வரை இழுபட்டேன் என்று கேட்டால், முதல் மாதத்தைப் பெயர் தின்றது. எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எண் சாத்திரக்காரரிடம் கேட்டு ஏழு பெயர் அனுப்பினா. அதில் 'நிலா' எனக்குப் பிடித்திருந்தது. ஹனா சிரித்தே விட்டாள். ஜப்பானியர் வாயில் அது 'நிரா' ஆகுமாம், நிரா என்றால் வெங்காயத்தாள் மாதிரி ஒரு கீரையாம். மாயா என்ற பெயருக்கு வந்து சேர நவம்பர் பாதி. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபோது நவம்பர் கடைசி. ஹனா அன்றைக்கே அதை மொழிபெயர்த்து, படிவத்தையும் நிரப்பி, ஓர் உறையில் போட்டு என்னிடம் தந்தாள். அந்த உறையை நான் அலுமாரி லாச்சியில் வைத்தேன்.

வைத்ததற்குக் காரணம் வெறும் சோம்பல் இல்லை, பதினொரு வருட வளைகுடா அனுபவம். இங்கே எந்தத் திகதி தவறினாலும் ஒரு ஃபைன் இருக்கும். விசா பிந்தினால் ஃபைன், அடையாள அட்டை பிந்தினால் ஃபைன், கார் பதிவு பிந்தினால் ஃபைன். கட்டினால் கலாஸ், கதை முடிந்தது, எல்லாம் பழையபடி. போதாததற்கு நான் இலங்கைக் குடியுரிமையைக் கனடாவுக்காக இழந்து, ஐந்து வருடம் கழித்து விண்ணப்பம் போட்டு, திரும்ப வாங்கியவன். போனது வரும் என்பது எனக்குக் கையோடு பழகிய பாடம். டிசம்பரில் வேலை கூடிவிட்டது, வருடப் பிறப்புக்கு, உறையைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய துபாய் ஜப்பானியத் தூதரகப் பிரிவும் சில நாள் பூட்டு. ஜனவரி ஒன்பது, வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டு வைத்திருந்தேன்.

ஏழாம் திகதி புதன்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு டியூட்டி முடிந்து வந்தேன். அன்று மாயாவுக்குத் தடுப்பூசி போட்டிருந்தார்கள், காய்ச்சல் 38.5. ஹனா தடுப்பூசி அட்டையைத் தேடி லாச்சியைத் திறந்திருக்கிறாள். கையில் உறையோடு நின்றாள்.

"இது ஏன் இன்னும் இங்கே இருக்கிறது?"

"நாளையிண்டைக்கு லீவு போட்டிருக்கிறன். ஒன்பதாம் திகதிதானே மூன்று மாதம்."

"பிறந்த நாளும் கணக்கில் சேரும். நாளைதான் கடைசி நாள்."

"சரி, ஒரு நாள் பிந்தினால் ஃபைன் கட்டுவம்."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஹனா கத்துகிறவள் இல்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஃபைன் இல்லை," என்றாள். "கட்டுவதற்கு எதுவுமே இல்லை. அவள் அந்தப் பக்கத்தில் இருக்கமாட்டாள், அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் என்றது 'கொசெகி'யை, ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டை. ஒரு குடும்பத்துக்கு ஒரு பதிவு. வெளிநாட்டவருக்கு அதில் தனி இடம் கிடையாது. எங்கள் கொசெகியில் ஹனாவின் பெயர் மட்டும்தான் உண்டு, இன்னாரை மணந்தார் என்ற குறிப்பில் நான் ஒரு வரி. மாயா ஜப்பானியர் இல்லை என்றானால் அவளையும் சேர்க்கமுடியாது. "என் பக்கத்தில் நான் தனியாகத்தான் இருப்பேன்," என்றாள் ஹனா. பதினெட்டு வயதுக்குள் ஜப்பானில் போய்க் குடியிருந்தால் திரும்பப் பெற வழி இருக்கிறது என்றும் அவளே சொன்னாள், ஆனால் நாங்கள் எப்போது ஜப்பானில் போய்க் குடியிருக்கப் போகிறோம்?  

இனிப் பயணம். என் கார் கியர்பொக்ஸ் பழுதாகி ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் கிடந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகமுடியாது, ஆகவே ஹனா வீட்டில், நான் தனியாக. கீழ்மாடியில் செல்வம் இருக்கிறார், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், என் வயதுதான். உதிரிப்பாகக் கடை ஒன்றின் பிக்கப் ஓட்டுகிறார். வியாழக்கிழமைகளில் ஷார்ஜாவுக்குப் பொருள் கொண்டு போய்விட்டு துபாயிலுள்ள அல் குசைஸுக்கும் போவார். "ஏழு மணிக்குக் கெளம்புறேன், வாங்கண்ணே, ஒம்பதுக்கெல்லாம் துபாய்ல நிப்பீங்க," என்றார். பஸ்ஸுக்கு 25 திர்ஹம், செல்வத்துக்கு ஒன்றுமில்லை. தூதரகப் பிரிவில் மத்தியானம் பன்னிரண்டரை வரை மனு வாங்குவார்கள். தாராளமான நேரம் என்றுதான் நினைத்தேன்.

ஆறு ஐம்பதுக்குப் புறப்பட்டோம். மலை தாண்டும்போதே தூறத் தொடங்கியது. தைத் பக்கம் ஏழு நாற்பதுக்குத் தேநீருக்கு நிறுத்தினார், கரக் என்கிற பால் தேநீர் இரண்டு திர்ஹம். என்னால் பாதிதான் குடிக்க முடிந்தது. உறையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னாண்ணே, பரீச்சைக்குப் போற புள்ள மாதிரி ஒக்காந்திருக்கீங்க?"

வண்டி திரும்பப் புறப்பட்டதும் விஷயத்தைச் சொன்னேன். ஃபைன் கதையையும் மறைக்காமல் சொன்னேன். செல்வம் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"எங்க தாத்தாவும் ஒங்கள மாதிரிதாண்ணே," என்றார். "பிரஜாவுரிமைக்குப் பதியக் கடைசி நாள்னு தோட்டத்துல சொல்லியிருக்காங்க. கொழுந்து சீசன், கங்காணி லீவு குடுக்கல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இருந்திருக்காரு. அடுத்த வாரம் போனா, மனு வாங்க ஆளே இல்ல. எங்கம்மா நாப்பத்திரெண்டு வயசு வரைக்கும் எந்த நாட்டுக்காரியும் இல்ல. சிலோன்லயே பொறந்து, சிலோன்லயே கொழுந்து பறிச்சு."

மலையகத்தாரின் நாடற்ற நிலையை நான் பள்ளிக்கூடத்தில் ஒரு பந்தியாகப் படித்துப் பரீட்சை எழுதியவன். ஐந்து புள்ளிக் கேள்வி. பக்கத்து இருக்கையில் அது கியர் மாற்றிக்கொண்டு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அதுக்கும் ஜப்பானியத்தில சொல்லு இருக்கு செல்வம், முகொகுசெகி," என்றேன்.

"எல்லாப் பாசையிலயும் இருக்கும்ணே," என்றார். "ஒங்க புள்ளைக்கு அது இல்லல்ல? கனடா இருக்குல்ல? அப்புறம் ஏன் இப்பிடி நடுங்குறீங்க?"

"மகளுக்கு ஒரு நாடு இருக்கும். ஆனா தாயின்ர பதிவில பிள்ளை இருக்காது."

செல்வம் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

எட்டு முப்பதுக்கு ஷார்ஜா தொழில்பேட்டைக்குள் நுழைந்தோம். நுழைந்ததுதான் பிழை. இந்த நாட்டில் மழை குறைவு, வடிகாலும் குறைவு. கராஜ் தெருக்களில் முழங்கால் வரைக்கும் தண்ணீர், எண்ணெய் மிதந்து வானவில் நிறத்தில் மினுங்கியது. முன்னால் ஒரு லொறி நின்றுவிட்டது, பின்னால் நாற்பது வண்டி. ஒன்பதாகியது. ஒன்பதரையாகியது. செல்வம் கொண்டு போன டீசல் பம்ப்புக்காக கராஜ் ஃபோர்மன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் கத்தினார்: "பாய், பம்ப் கிதர் ஹை? ஜல்தி!" பம்ப் எங்கே, கெதியாகக் கொண்டு வா என்று. எனக்கு ஹனாவிடமிருந்து செய்தி: எங்கே நிற்கிறீர்கள்? பொய் சொல்லவும் பயமாக இருந்தது, உண்மையைச் சொல்லவும் பயமாக இருந்தது. தண்ணீரைப் படம் பிடித்து அனுப்பினேன். 

இயற்கை அனர்த்தம் போன்றவற்றால் பிந்தினால் சட்டத்தில் விலக்கு உண்டு என்று எங்கேயோ வாசித்தது ஞாபகம் வந்தது. ஆனால் ஆறு கிழமையாக லாச்சியில் கிடந்த உறைக்கு மழையைச் சாட்சிக்கு அழைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு லொறியை இழுத்தார்கள். இடது பக்கம் திரும்பினால் கராஜ், அந்தத் தெரு இன்னும் ஆழம். நேரே போனால் அல் குசைஸ். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார் செல்வம். பிறகு தொலைபேசியை எடுத்து, "பாய், ரோட் மே பானி, காடி மாஃபி. ஏக் கண்டா பாத்," தெருவில் தண்ணீர், வண்டி போகாது, ஒரு மணி நேரம் கழித்து என்று சொல்லிவிட்டு நேரே விட்டார்.

"செல்வம், உங்களுக்கு ஏச்சு விழும்."

"ஏச்சு விழுந்தா காயாதாண்ணே? பம்ப் நாளைக்கும் பம்ப்தான்."

அல் குசைஸில் மெட்ரோ வாசலில் இறக்கும்போது மணி பத்து நாற்பத்தைந்து. டாக்சிக்கு அங்கே ஒரு நீள வரிசை. "டாக்சிக்கு நிக்காதீங்க, மெட்ரோவுல ஏறுங்க, யல்லா!" என்று தள்ளாக்குறையாக விரட்டினார். யூனியன் நிலையத்தில் பச்சைத் தடத்திலிருந்து சிவப்புத் தடத்துக்கு மாறவேண்டும். மொத்தம் நாற்பது நிமிடம், ஐந்து திர்ஹம். மழை நாளில் இதைவிட நம்பிக்கையான வழி துபாயில் இல்லை. பெட்டிக்குள் எல்லோரும் நனைந்து நாறிக்கொண்டு நின்றோம், நான் உறையைச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.

பதினொன்று முப்பதுக்குத் தூதரகப் பிரிவு இருக்கும் கட்டிடத்தில். பாதுகாப்புச் சோதனை, லிஃப்ட், டோக்கன். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு யன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஜப்பானியப் பெண். சான்றிதழ், மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டுகள், எல்லாவற்றையும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். பென்சில் ஓர் இடத்தில் நின்றது.

"இங்கே கையெழுத்து இல்லையே."

அந்த வரிதான். கொகுசெகி ர்யூஹோ. மனுதாரர் என்ற இடத்தில் ஹனா அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள், நாட்டுரிமையை வைத்துக்கொள்கிறோம் என்ற வரிக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. ஒரு சொல்லுக்கு மூன்று அகராதி பார்க்கிறவள் ஹனா. ஆனால் படிவத்தை நிரப்பியது இரண்டு மாதப் பிள்ளையோடு ராத்திரி ராத்திரியாக விழித்திருந்த ஹனா. உறையைத் திறந்து ஒருமுறை பார்க்க எனக்கு ஆறு கிழமை இருந்தது, நான் பார்க்கவில்லை.

 "மனைவி ஃபுஜைராவில். இன்றைக்குக் கடைசி நாள்," என்று எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் சொன்னேன். 

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "நீங்கள் தகப்பனா?"

"ஓம்." பதற்றத்தில் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. பிறகு தலையாட்டினேன்.

"தகப்பனும் மனுதாரராக இருக்கலாம். புதிய படிவம் தருகிறேன். நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஜப்பானியத்தில்."

மணி பன்னிரண்டு ஐந்து. ஜப்பானியம் நான் சமாளித்துப் பேசுவேன், எழுதினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஹனாவின் படிவத்தை இடது பக்கம் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எழுதினேன். எழுதவில்லை, வரைந்தேன். மாயாவின் பெயர், பிறந்த நேரம், ஹனாவின் கொசெகி இருக்கும் ஊர். அந்த ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துக்குப் பதினெட்டுக் கோடு. ஒரு கோட்டைத் தவறவிட்டு, வெட்டி, திரும்ப எழுதினேன். ஹனாவுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்தால் அவள் அழுவாள், அல்லது நான் அழுவேன், இரண்டுக்கும் நேரம் இல்லை. பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு அந்த வரிக்கு வந்தேன். என் கடவுச்சீட்டில் இருப்பது தமிழ்க் கையெழுத்து, அதையே போட்டேன். அந்தத் தாளில் எனக்கு ஒழுங்காக எழுத வந்தது அது ஒன்றுதான்.

டோக்கன் எடுத்து உள்ளே வந்தவரைப் பாதியில் அனுப்பமாட்டார்கள் என்று அவர் பிறகு சொன்னார். முன்னமே சொல்லியிருந்தால் என் ஆயுளில் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். திகதி முத்திரையைக் குத்தினார். ஜனவரி எட்டு. கட்டணம் எவ்வளவு என்று பழக்கதோஷத்தில் பணப்பையை எடுத்தேன். கட்டணம் எதுவும் இல்லை.

வெளியே வந்து ஹனாவை அழைத்துச் சொன்னேன். கையெழுத்து விடுபட்டதையும் சொன்னேன்.  "காய்ச்சல் இறங்கிவிட்டது," என்றாள். செல்வத்துக்கு அன்று முதலாளியிடம் செம ஏச்சு என்று அடுத்த நாள்தான் தெரிந்தது. அவர் அதை எனக்குச் சொல்லவில்லை, கடைக்காரப் பையன்கள் சொன்னார்கள். போய் மன்னிப்புக் கேட்டேன். "புள்ள பேரு பதிஞ்சிருச்சா? அப்ப விடுங்கண்ணே," என்றார்.

இதே பயணம் போகப்போகிறவர்களுக்கு. பிறந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். பெயர் வைக்க முப்பத்தோராம் நாள் வரை பொறுப்பதென்றால் பொறுங்கள், ஆனால் மற்றப் பத்திரங்களை அதற்குள் தயாராக்கி விடுங்கள். போக முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்து படிவத்தை வாசியுங்கள், அந்த ஒரு வரியை இரண்டு தடவை. யன்னல் நேரம், விடுமுறை நாள், தேவையான பிரதிகள் எல்லாம் மாறும், நேரே கேட்டு உறுதிப்படுத்துங்கள், என் பதிவை நம்பிப் போகாதீர்கள். இலங்கை, இந்தியா, கனடா என்று ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு வேறு. எங்களுக்குச் சரியானது உங்களுக்குப் பிழையாகலாம். ஃபுஜைரா பக்கம் இருந்து வருகிறவர்கள் மழை நாளில் தொழில்பேட்டைக்குள் நுழையவே வேண்டாம்.

கொசெகியின் பிரதி ஏழு கிழமை கழித்து வந்தது. ஹனாவின் பெயருக்குக் கீழே மாயா. ஹனா மேசையில் வைத்து எனக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினாள். பிறந்த நாள், ஒக்டோபர் ஒன்பது. பிறந்த இடம், ஃபுஜைரா. நாட்டுரிமையை வைத்துக்கொள்வதாக அறிவித்த நாள், ஜனவரி எட்டு. அறிவித்தவர், தகப்பன்.

"அறிவித்தவர் தகப்பன்" என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். ஹனா ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அங்கே தாய் என்று இருந்திருக்கும். மாயா இருபது வயதுக்குள் 'கொகுசெகி செந்தாகு' செய்யவேண்டும், எந்த நாடு என்று தெரிவு செய்வது அது. அன்றைக்கு அவள் இந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பாள், மழையில் ஓடிப்போய் உனக்கு இடம் பிடித்து வைத்தேன் என்று நான் சொல்லலாம் என்றேன்.

"சொல்லலாம்," என்றாள் ஹனா. விரலை ஒக்டோபர் ஒன்பதில் வைத்து, அப்படியே ஜனவரி எட்டுக்கு இழுத்தாள். "ஆனால் அவளுக்குக் கழித்தல் தெரிந்திருக்கும்."